காலருக்கா, பைக்கா?

எனக்கு வேண்டியது
கீழே வைத்தால் நிற்கிற ஒரு பை. அவ்வளவுதான்.
டிராம் ஓட்டும்போது என் காலருகே
ஒவ்வொரு வளைவிலும் பழைய பை சரிகிறது.
பீட்ரூட் சூப் போத்தல் உருண்டு வந்து
மிதிக்குப் பக்கத்தில் நின்று
என்னைப் பார்க்கிறது.

வூச் என்றால் படகு.
ஊருக்குப் படகென்று பேர் வைத்துவிட்டு
ஆறுகளைக் குழாயில் போட்டுத் தெருவுக்கடியில் மூடியிருக்கிறோம்.
சில இடங்களில் சக்கரச் சத்தம் மாறும்.
அங்கே கீழே தண்ணீர் என்பார்
ஷிஃப்ட் மாற்ற வரும் செஸ்வாவ்.
நம்புவது அவரவர் பாடு.

சனிக்கிழமை, பவூட்டி சந்தைக்குப் பின்னால்
நூல், பொத்தான், ஜிப் விற்கும் கடை.
"உள்ளே வைக்கிற விறைப்புத் துணி" என்றேன்.
ஓஸ்கர் போனிலிருந்து கண்ணெடுக்காமல்
"காலருக்கா, பைக்கா?" என்றான்.
அந்த ஒரு கேள்வியில்
அலமாரியில் பாதி ரோல்கள் விலகிப்போயின.

மீதி ஏழு.
முதலாவதைக் கசக்கினேன்; சொன்னபடி கேட்டது.
யார் சொன்னாலும் கேட்கும் போல. வைத்துவிட்டேன்.
பக்ரத்தை மடித்தேன்,
மடித்த கோடு வெள்ளையாய் நின்றுவிட்டது.
ஒரு அடியை ஆயுளுக்கும் சொல்லிக்காட்டும் ஜாதி.
ஃபோம் அமுங்கி, யோசித்து, மெல்ல எழுந்தது.
இன்னொன்றைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன்:
மழைக்கோட்டுப் போட்டவன்
பூசை நடுவே எழுந்து போகிற ஓசை.
கடைசி ரோல்,
தான் அட்டையா துணியா என்று தனக்கே தெரியாதது.
வளைத்து விட்டேன்.
பட்டென்று நிமிர்ந்து என் கன்னத்தில் தட்டியது.
"இதுதான்."
மீட்டர் முப்பத்தெட்டு ஸ்வோட்டி.
"புரட்டும்போது என்னைத் திட்டாதீர்கள்" என்றான் ஓஸ்கர்.
எனக்குப் புரியவில்லை. சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பளபளக்கிற பக்கம் துணியைப் பார்க்க வேண்டும்.
நான் மாற்றி வைத்தேன்.
கோந்து இஸ்திரிப் பெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டது.
பிரித்து வைக்க அரை மணி நேரம்.
அப்புறம் இரண்டு ஊசி உடைந்தன.
ஜீன்ஸ் தைக்கிற தடித்த ஊசி
கட்டிடமே கேட்கும்படி முன்னேறியது.

பையை உள்வெளியாகத்தான் தைப்பார்கள்.
லைனிங்கில் விட்ட நான்கு விரல் ஓட்டை வழியாக
கடைசியில் முழுப் பையையும்
வெளியே இழுக்க வேண்டும்.
நான் இழுத்தேன். அது வரவில்லை.
கடையில் ஏழையும் கேட்டேன், நிற்பாயா என்று.
திரும்புவாயா என்று
ஒன்றையும் கேட்கவில்லை.

இரவு ஒன்றேகால். கதவில் தட்டல்.
மேல்மாடி மிகைலினா, கார்கிவ்காரி,
மூன்று மணிக்கு பேக்கரி வேலைக்குப் போக வேண்டியவள்.
பாதி போலிஷில், பாதி தன் மொழியில் திட்டினாள்.
திட்டிக்கொண்டே என் மடியில் கிடந்ததைப் பார்த்தாள்.
திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள்.
"அந்த மூலையை இப்படிக் கொடு."

மாவு பிசைகிற கட்டைவிரல்கள்.
அவள் ஒரு முனை, நான் ஒரு முனை.
தையல் ஒன்று தெறித்தது. பரவாயில்லை என்றாள்,
பை அவளுடையது போல.
திடீரென்று வந்துவிட்டது. இருவரும்
நாற்காலியோடு பின்னால் போனோம்.

தூக்கத்தில் எழுப்பிய முகம் மாதிரி
கன்னமெல்லாம் மடிப்பு.
ஈரத்துணி போட்டுத் தேய்த்தோம். பாதி போனது.
இடது பக்கம் குறுக்கே ஒன்று இன்றைக்கும் இருக்கிறது.
மேசைமேல் வைத்தோம்.
உள்ளே ஒன்றுமில்லை. நின்றது.
வந்த விருந்தாளி இன்னும் உட்காராதது போல
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு முழம் மிச்சம்.
அவள் பேக்கரித் தொப்பியின் முன்விளிம்பு
எப்போதும் கண்ணில் தொங்கும்.
அளவெடுத்து, உள்ளே வைத்து, தைத்துக் கொடுத்தேன்.
மிஷின் சத்தத்தைப் பற்றி
அவள் வாயே திறக்கவில்லை.

திங்கட்கிழமை, முதல் வளைவு.
பை அசையவில்லை.
உள்ளே போத்தல் மட்டும்
தொப்பென்று சாய்ந்தது.
அதற்கொரு தடுப்பு வேண்டும்.
சனிக்கிழமை ஓஸ்கரிடம் போக வேண்டும்.
காலருக்குமில்லை, பைக்குமில்லை.
சூப்புக்கு.